தாயைக் காப்பது ஜமாஅத்தின் கடமை

நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சந்தூக்கு ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஊரில் எவரேனும் இறையடி சேர்ந்துவிட்டால், செய்தி எட்டிய சிறிது நேரத்திற்குள் கபன் துணி வந்துவிடுகிறது. குழி வெட்டுவோர் வந்துவிடுகின்றனர். தோள் கொடுக்க இளைஞர்கள் திரண்டுவிடுகின்றனர். இறந்தவர் செல்வரா ஏழையா, உறவினரா அயலாரா என்று எவரும் கேட்பதில்லை. ஜனாஸாவை நல்லடக்கம் செய்வது ஊரார் அனைவர் மீதும் விதிக்கப்பட்ட பர்ளு கிஃபாயா என்பதையும், ஒருவரும் செய்யாது விட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்பதையும் நம் குழந்தைகள் கூட அறிவார்கள். இது நம் சமுதாயத்தின் பெருமைகளுள் ஒன்று. ஐயமில்லை.

ஆனால் அன்பு வாசகர்களே, ஒரு கேள்வியை நம் நெஞ்சைத் தொட்டு நாமே கேட்டுக்கொள்வோம். இறந்துவிட்ட தாயைச் சுமக்க இத்துணை ஆயத்தமாக இருக்கும் நம் ஜமாஅத், உயிரோடு பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு தாயைச் சுமந்து செல்ல ஆயத்தமாக இருக்கிறதா? நம் மஹல்லாவில் இம்மாதம் பேறுகாலம் நெருங்கிய பெண்கள் எத்தனை பேர் என்பது நம்மில் எவருக்கேனும் தெரியுமா? நிக்காஹ் பதிவேடு பள்ளிவாசலில் இருக்கிறது. அடக்கம் செய்யப்பட்டோரின் பதிவேடும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்து இன்னோர் உயிரை ஈன்றெடுக்கும் அந்தப் பத்து மாதங்களைப் பற்றி மட்டும் நம் ஜமாஅத் ஒன்றும் அறியாமலிருப்பது முறையாகுமா?

அருள்மறையாம் திருக்குர்ஆனைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்கு நன்றி செலுத்துமாறு பணிக்கும் இறைவன், தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனமுற்றுச் சுமந்ததை லுக்மான் அத்தியாயத்தில் எடுத்துக் கூறுகின்றான். அவள் சுமந்ததும் துன்பத்தோடுதான், ஈன்றதும் துன்பத்தோடுதான் என்று அஹ்காஃப் அத்தியாயத்தில் மீண்டும் நினைவூட்டுகின்றான். மணவிலக்குப் பெற்ற மனைவியாயினும், அவள் கருவுற்றிருந்தால் பிரசவிக்கும் வரையில் அவளுக்காகச் செலவு செய்வது கணவன்மீது கடமை என்று தலாக் அத்தியாயம் சட்டம் வகுக்கின்றது. பிரிந்துபோன மனைவிக்கே இத்துணை உரிமை உண்டென்றால், நம் இல்லத்தில் நம்மோடு வாழும் மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் எத்துணை உரிமை இருத்தல் வேண்டும்!

அன்னை மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்த்த வேளையில், இறைவன் அவர்களுக்கு அருளியவை யாவை? காலடியில் நீரோடை, உண்பதற்குக் கனிந்த பேரீச்சம்பழம், கவலைப்பட வேண்டாம் என்னும் ஆறுதல் மொழி. தண்ணீர், உணவு, ஆறுதல் ஆகிய இம்மூன்றும் பேறுகாலப் பெண்ணுக்கு இன்றியமையாதவை என்பதை இறைமறையே நமக்குக் கற்பித்துவிட்டது. அந்நிலையிலும் மரத்தின் அடியைப் பற்றி உலுக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அற்புதம் நிகழும் இடத்திலும் முயற்சி விலக்கப்படவில்லை.

பிரசவத்தில் உயிர் நீக்கும் பெண் ஷஹீதுடைய தகுதியைப் பெறுகிறாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். தாயை இழந்து தவிக்கும் குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த ஆறுதல் வேறில்லை. எனினும், இந்த ஆறுதலையே நாம் அலட்சியத்துக்குச் சாக்காக ஆக்கிக்கொள்ளலாகாது. நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீத் என்று அதே நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அதற்காக, கிணற்றில் விழுந்த குழந்தையைக் கண்டு கைகட்டிக்கொண்டு நிற்போர் எவரேனும் உண்டா? ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பதன்றோ இறைமறை காட்டும் அளவுகோல்!

இக்காலத்தில் இவ்வளவு பேசுவதற்குத் தேவை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாடு இத்துறையில் பெரிதும் முன்னேறிய மாநிலம் என்பது உண்மையே. 2001 முதல் 2003 வரையிலான கணக்கின்படி, இம்மாநிலத்தில் 1 லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்பொழுது 134 தாய்மார்கள் உயிரிழந்தனர். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் அது 54ஆகக் குறைந்தது. இந்தியா முழுவதற்குமான எண்ணிக்கை அதே காலத்தில் 301இலிருந்து 97ஆக இறங்கியது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடைபெறுகின்றன. இரவு பகல் எந்நேரமும் செவிலியர் பணியாற்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களும், 2008ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் தொடங்கப்பட்ட 108 ஆம்புலன்ஸ் சேவையும், இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் காரணம் தேடி ஆராயும் முறையும் இந்த மாறுதலுக்குத் துணை நின்றன.

ஆயினும் 54 என்பது வெறும் எண்ணன்று; அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அதே காலத்தில் அது 19ஆக இருந்தது. உலகம் முழுவதிலும் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 தாய்மார்கள் கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ அதனைத் தொடர்ந்தோ உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள். உதிரப்போக்கு, இரத்தக் கொதிப்பும் அதனால் உண்டாகும் வலிப்பும், கிருமித் தொற்று ஆகியவையே முதன்மையான காரணங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு, மருத்துவம் உண்டு. குறைவாக இருப்பது காலம் ஒன்றுதான். பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் உதிரம் பெருகினால், சிகிச்சையின்றி இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்துவிடக் கூடும்.

அந்தக் காலம் எங்கே வீணாகிறது? மூன்று இடங்களில் என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகின்றனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென்று முடிவு செய்வதில் உண்டாகும் தாமதம் முதலாவது. போய்ச் சேருவதில் உண்டாகும் தாமதம் இரண்டாவது. சேர்ந்த பின்னர் தக்க சிகிச்சை கிடைப்பதில் உண்டாகும் தாமதம் மூன்றாவது. மூன்றாவது தாமதத்தை நீக்குவது மருத்துவர்களின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. முதல் இரண்டையும் நீக்குவது யார் பொறுப்பு? அது வீட்டாரின் பொறுப்பு, ஊராரின் பொறுப்பு, ஜமாஅத்தின் பொறுப்பு.

வானூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே புதுச்சேரியை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்தில் வாழும் பெண்ணுக்கு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகள் சிறிது தொலைவிலேயே இருக்கின்றன. ஆனால் வடக்கே கழுவெளியைத் தாண்டி, மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் வாழும் பெண்ணுக்கு அதே புதுச்சேரி ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நள்ளிரவில், மழைக்காலத்தில், உட்புறக் கிராமத்துச் சாலையில் அந்தத் தொலைவு இன்னும் நீளும். அருகில் இருப்பவளோ காப்பாற்றப்பட்டுவிடுகிறாளா என்றால், அதுவும் உறுதியில்லை. மருத்துவமனை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும், போகலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் விவாதம் நீண்டுகொண்டிருந்தால் அந்தத் தெருவும் கடக்க முடியாத கடலாகிவிடுகிறது.

நம் இல்லங்களில் அந்த விவாதம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் அறியாதவர்களல்லோம். கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அவரிடமிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். “நாங்களெல்லாம் பெறவில்லையா? முதல் பிள்ளைக்கு வலி இப்படித்தான் இருக்கும்” என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். தலைவலியும் கண் மங்கலும் முகவீக்கமும் இரத்தக் கொதிப்பின் அறிகுறிகள் என்பது தெரியாமல், கைமருந்து அரைத்துக் கொடுப்பார்கள். அங்கே ஆண் மருத்துவர்தான் இருப்பாராமே என்று இன்னொருவர் தயங்குவார். கையில் பணமில்லை, விடியட்டும் என்று வேறொருவர் கூறுவார். ஒருவரும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஒவ்வொருவரும் அன்போடுதான் சொல்கின்றனர். ஆயினும் அத்தனை அன்பும் சேர்ந்து அந்தப் பெண்ணின் உயிரை வாங்கிவிடக் கூடும்.

இவற்றுள் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் தயக்கங்களைப் பற்றித் தெளிவு பெறுதல் அவசியம். பெண் மருத்துவரை நாடுவது சிறந்தது. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அவர் கிடைக்காதபொழுது, உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில், ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பது ஆகும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட அறிஞர்கள் ஒத்த கருத்துடையவர்கள். நிர்ப்பந்தம் ஏற்படும்பொழுது விலக்கு நீங்கிவிடுகிறது என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரமலான் நோன்பில் சலுகை இருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்துள்ளார்கள். இறைவன் சலுகை அளித்த இடத்தில், அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்கு அஞ்சி ஒரு பலவீனமான பெண் பசித்திருக்க நேர்ந்தால், அந்தப் பேச்சுக்கு உரியவர்கள் நாளை மறுமையில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு தவறான எண்ணமும் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. மருத்துவமனையே வேண்டாம், வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்ளலாம், அதுவே தவக்குல் என்று சிலர் போதிக்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கேரளத்து மலப்புரத்தில், ஐந்தாவது பிரசவத்தை வீட்டிலேயே எதிர்கொண்ட ஒரு முஸ்லிம் தாய் உயிரிழந்த செய்தி நம் அனைவரையும் உலுக்கியது. ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். நோய்க்கு மருந்தை இறைவன் படைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பணித்த நபியின் உம்மத்தினர் நாம். காரணங்களைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. இறைவன் கொடுத்த கொடையைத் தட்டிவிடுவதாகும்.

ஊராரின் கடமை என்ன என்பதற்கு, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று போதும். ஓரிரவு மதீனாவின் புறத்தே அவர்கள் நகர்வலம் வருகையில் ஒரு கூடாரத்தைக் காண்கின்றார்கள். வாயிலில் ஒரு மனிதர் கவலையோடு அமர்ந்திருக்கின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்கிறது. விசாரித்தபொழுது, அவருடைய மனைவி பிரசவ வேதனையில் இருப்பதும், துணைக்குப் பெண்கள் எவருமில்லை என்பதும் தெரிகின்றன. உமர் (ரலி) அவர்கள் இல்லத்துக்கு விரைந்து, தம் மனைவியாகிய உம்மு குல்தூம் அவர்களை எழுப்புகின்றார்கள். பிரசவத்துக்குத் தேவையானவற்றை அவ்வம்மையார் எடுத்துக்கொள்ள, மாவையும் கொழுப்பையும் கலீஃபா தாமே சுமந்துகொண்டு திரும்புகின்றார்கள். அம்மையார் கூடாரத்துக்குள் செல்கின்றார்கள். பெரும் நிலப்பரப்பை ஆளும் அந்த ஆட்சித் தலைவரோ வெளியே அமர்ந்து அடுப்பை ஊதி உணவு சமைக்கின்றார்கள். குழந்தை பிறந்த நற்செய்தியை உள்ளிருந்து அம்மையார் அறிவிக்கும்பொழுதுதான், தமக்கு அடுப்பூதியவர் அமீருல் முஃமினீன் என்பதே அந்த மனிதருக்குத் தெரிய வருகின்றது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு நாம் கண்ணீர் சிந்துகிறோம். ஆனால் அதிலுள்ள ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. இது பெண்கள் காரியம் என்று அவர்கள் ஒதுங்கிப் போகவில்லை. அதே வேளையில், பெண்ணின் மறைவுக்குள் தாம் நுழையவுமில்லை. அறிந்த பெண் ஒருவரை அழைத்து வந்தார்கள். உணவு கொண்டு வந்தார்கள். பணி முடியும் வரையில் அகலாமல் காத்திருந்தார்கள். நம் ஜமாஅத்கள் செய்ய வேண்டுவதும் இதுவேதான்.

இம்முறை பலன் தரும் என்பதற்கு இக்கால ஆய்வுகளும் சான்று பகர்கின்றன. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்து மலைக் கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, பேறுகால ஆபத்துகளைப் பற்றித் தாங்களே கலந்து பேசி வழி காணும் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவர்கள் அவசரச் செலவுக்கு நிதி சேர்த்தனர். கர்ப்பிணியைத் தூக்கிச் செல்லத் தூக்குப் படுக்கைகள் செய்து வைத்தனர். வீடு வீடாகச் சென்று பார்த்தனர். 2004ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அக்கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளின் மரணம் 30 சதவீதம் குறைந்தது; தாய்மார்களின் மரணமும் குறைந்தது. நம் நாட்டில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களிலும் இத்தகைய குழுக்கள் பச்சிளங்குழந்தைகளைக் காத்தன. நான்கு நாடுகளில் நடைபெற்ற ஏழு ஆய்வுகளை 2013ஆம் ஆண்டில் ஒன்றுசேர்த்துப் பார்த்தபொழுது, கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினரேனும் குழுவில் பங்கு பெற்ற ஊர்களில் தாய்மார்களின் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பங்கு பெற்றோர் மிகச் சிலராயிருந்த இடங்களில் பலன் கிட்டவில்லை. கூடிப் பேசுவது வீண் பேச்சன்று. ஆனால் ஊரே கூடுதல் வேண்டும்.

அந்த நேபாளத்துப் பெண்கள் செய்து வைத்த தூக்குப் படுக்கையை எண்ணிப் பாருங்கள். நம் பள்ளிவாசல் மூலையில் இருக்கும் சந்தூக்கையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் மனிதர் மனிதரைச் சுமப்பதற்கானவையே. ஒன்று மண்ணறைக்குச் செல்வது. மற்றொன்று வாழ்வுக்குத் திரும்புவது.

பள்ளிவாசலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உண்டு. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அடிக்கப்பட்டது. காயமுற்றோருக்குப் பணிவிடை புரிந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரை வரலாறு போற்றுகிறது. கி.பி. 1284இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் வக்ஃபாக நிறுவிய மருத்துவமனையில் பெண்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. இந்த மரபுக்கு உரியவர்களா நாம் தொடர்பைத் தேடுவது?

ஆகவே, முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் ஆலிம் பெருமக்களும் பின்வரும் காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவதாக, பெண்கள் மதரஸாவில் பயிற்றுவிக்கும் ஆலிமாவையும், விவரமறிந்த சில தாய்மார்களையும் கொண்டு மாதந்தோறும் ஒரு கூட்டம் நடத்துங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை அதற்கு அழையுங்கள். கர்ப்பிணிகளோடு மாமியார்களையும் தாய்மார்களையும் அழைக்கத் தவறாதீர்கள். முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. எவருடைய வீட்டு விவரமும் அந்தப் பெண்கள் வட்டத்தை விட்டு வெளியே போகலாகாது. அது அமானிதம்.

இரண்டாவதாக, இரவில் அழைத்தால் வரக்கூடிய வாகனங்களின் பட்டியலும், குருதி கொடுக்கக் கூடிய இளைஞர்களின் இரத்த வகைப் பட்டியலும் பள்ளிவாசலில் இருக்கட்டும். குருதிக் கொடையிலும் ஆம்புலன்ஸ் பணியிலும் தமிழக முஸ்லிம் இளைஞர்கள் ஏற்கெனவே நற்பெயர் ஈட்டியவர்கள். அந்த ஆர்வத்தைத் தம் மஹல்லாவின் தாய்மார்கள் பக்கமும் திருப்புவது அவர்களுக்கு அரிதன்று. மூன்றாவதாக, பைத்துல்மாலில் ஒரு சிறு தொகையைப் பேறுகால அவசரத்துக்கென ஒதுக்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் போன்ற அரசு உதவிகளுக்கு உரிய காலத்தில் பதிவு செய்ய, எழுதப் படிக்கத் தெரிந்தோர் துணை நில்லுங்கள். நான்காவதாக, வெளிநாட்டில் இருக்கும் கணவர்கள், அவசரம் நேர்ந்தால் தம் அழைப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லலாம் என்னும் சம்மதத்தை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லி வைக்கட்டும். ஒரு நிமிடப் பேச்சு அது. ஓர் உயிரின் விலை அது.

கதீப் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும் இதைப் பற்றிப் பேசுங்கள். தாயின் காலடியில் சுவர்க்கம் என்று மகன்களுக்குச் சொல்கிறோம். தாயாகப் போகும் மனைவிக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கீரையும் முட்டையும் ஓய்வும் வேண்டும் என்று கணவர்களுக்கும் சொல்வோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள் என்று முன்னே சொன்ன கணக்கெடுப்பே காட்டுகிறது. இரத்தம் குறைந்த உடல், பிரசவத்தின் உதிரப்போக்கை எவ்வாறு தாங்கும்? வீட்டில் எல்லோரும் உண்டு முடித்தபின் மிஞ்சியதை உண்ணும் பெண்ணின் தட்டிலிருந்துதான் இந்தச் சீர்திருத்தம் தொடங்க வேண்டும்.

இறுதியாக, இக்கடமை நம் மஹல்லாவின் எல்லையோடு நின்றுவிடுவதன்று. மரக்காணத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உழைக்கும் பெண்கள் எம்மதத்தவராயினும் நம் அண்டை அயலாரே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தார் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், வயல்களிலும் செங்கற்சூளைகளிலும் உப்பளங்களிலும் கடும் வெப்பத்தில் பணிபுரிந்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரு மடங்காக இருந்தது கண்டறியப்பட்டது. நம் உணவில் சுவை சேர்க்கும் உப்பு, அத்தகைய கரங்கள் வாரியெடுத்தது. உப்பளம் நடத்துவோரும் குத்தகை எடுத்தோரும் நம்மில் இருப்பின், கருவுற்ற பெண்ணுக்கு நிழலும் குடிநீரும் உச்சி வெயிலில் ஓய்வும் கொடுங்கள். நம் ஜமாஅத்தின் வாகனம் இரவில் புறப்படும்பொழுது, உள்ளே இருக்கும் தாய் எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல் புறப்படட்டும். அண்டை வீட்டார் துன்புற்றிருக்கத் தான் மட்டும் நிம்மதியாக உறங்குபவன் நிறைந்த ஈமானுக்கு உரியவனல்லன் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று ஜும்ஆ தொழுகைக்குச் செல்லும்பொழுது, அந்த மூலையிலிருக்கும் சந்தூக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தொழுகை முடிந்ததும் நிர்வாகிகளை அணுகி, நம் மஹல்லாவில் பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு இன்றிரவு வலி கண்டால் யார் வண்டி எடுப்பது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரையில் வீடு திரும்பாதீர்கள்.

தாய்மார்களின் உயிரைக் காக்கும் நற்பணியில் நம் அனைவரையும் ஒன்று சேர்க்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.